படிவத்தின் பின்பக்கம்

2022, ஜூன் நடுப்பகுதி. காலை எட்டு மணி. திருகோணமலை நகரத்தின் மேல் கச்சான் காற்று அடிக்கிறது. உட்துறைமுகத்தில் மட்டும் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் போலக் கிடக்கிறது.

பெற்றோல் ஷெட்டிலிருந்து வரிசை தொடங்குகிறது. முதலில் ஓட்டோக்கள், அடுத்து மோட்டார் சைக்கிள்கள். வளைவுக்கு அப்பால் வரிசை போவது தெரிகிறது, முடிவது தெரியவில்லை. ஓட்டோச் சாரதி பின்சீற்றில் படுத்திருக்கிறார். இரண்டு கால்களும் வெளியே. செருப்பு கீழே, ஒழுங்காக, ஜோடியாக.

மண்ணெண்ணெய் வரிசையில் ஆட்கள் இல்லை. கான்கள் நிற்கின்றன. மஞ்சள், நீலம், வெள்ளை. காதுகளில் நைலோன் கயிறு கோத்து ஒன்றோடு ஒன்று கட்டியிருக்கிறது. ஒரு கானின் வயிற்றில் பெயிண்டால் படகின் பதிவு எண் எழுதியிருக்கிறது. படகு கரையில்.

குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடா. காட்டுக்குள் 99 எண்ணெய்த் தொட்டிகள். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை. ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. 14 தொட்டி இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது.

பஸ் நிலையத்துக்கு அருகில் மூன்று புள்ளிமான்கள். ஒன்று வடை சுற்றிய பத்திரிகைத் துண்டை மெல்லுகிறது. மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாடு என்று ‘த ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. மான் நிதானமாக மெல்லுகிறது. எண்ணெய் பிடித்த பக்கத்தை முதலில் தின்கிறது.

*

ஒரு மாடிக் கந்தோர். வாசலில் விரல் வைக்கும் மெஷின். விரலை வைத்தால் ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறது. பெண் குரல். எட்டேகாலிலிருந்து எட்டரைக்குள் திரும்பத் திரும்பச் சொல்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளே பதினொரு கதிரை, பதினான்கு பேர். முந்தி வந்தவர்கள் இருக்கிறார்கள். பிந்தி வந்த மூன்று பேர் அலுமாரியில் சாய்ந்து, எதையோ தேடுகிற மாதிரி நிற்கிறார்கள். பத்து மணிக்கு யாராவது வெளிவேலைக்குப் போவார்கள். அப்போது கதிரை வரும்.

பதினான்கில் ஒன்பது பேர் 2020-இல் வந்தவர்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் நாடு முழுவதும் வேலையில்லாப் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் அல்ல, பத்தாயிரக்கணக்கில். மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. பயிற்சி முடிந்தது. இப்போது பெயர் ‘அபிவிருத்தி உத்தியோகத்தர்’. வாயில் ‘டீஓ’. எடுத்தபோது டொலர் 190 ரூபாய்க்குக் கிட்ட. இப்போது 360.

கலைப் பட்டதாரிகள்தான் கூட. தமிழ், வரலாறு, புவியியல், நாடகமும் அரங்கியலும், இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம். கடமைப் பட்டியலில் ஏழெட்டு வரி இருக்கிறது. கடைசி வரி: மேலதிகாரியால் பணிக்கப்படும் ஏனைய கடமைகள். வேலை பெரும்பாலும் அந்த வரியில்தான் நடக்கிறது.

ஜன்னலோர மேசை கலாசாரப் பகுதி. கணினி மொனிட்டர் ஐந்து இலக்கிய விழா மலர்களின் மேல் நிற்கிறது. ஆண்டு வரிசைப்படி அடுக்கியிருக்கிறது. மேல் மலரின் அட்டையில் குத்துவிளக்கு.

அந்த மேசையின் டீஓ முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதுப் பெண். தமிழில் சிறப்புப் பட்டம். மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிள்ளையின் படம், தொலைபேசி எண் பட்டியல், ஒரு பத்திரிகைத் துண்டு. துண்டில் கவிதை. எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோணேஸ்வரர் கோயில் படம் ஒன்று, சற்றுச் சரிந்து, மறைத்தபடி.

அவள் முன்னால் போட்டி ஆக்கங்கள். சிறுகதை, கவிதை, பாடலாக்கம், நாட்டார் கலை கற்றல். ஒவ்வொன்றையும் எடுக்கிறாள். பக்கம் எண்ணுகிறாள். வலது மூலையில் இலக்கம் போடுகிறாள். திகதி முத்திரை குத்துகிறாள். முதல் வரியில் கண் ஓடுகிறது. மூடி வைக்கிறாள். பத்தொன்பதாவதில் மட்டும் கண் முதல் வரியோடு நிற்கவில்லை. இரண்டாம் பக்கம் திருப்புகிறாள். பியோன் தேத்தண்ணி கொண்டுவருகிறார். மூடி வைத்து முத்திரை குத்துகிறாள்.

*

ஒன்பது பத்து. முதியவர் ஒருவர் படியேறி வருகிறார். வெள்ளைச் சேட்டு, குடை, சணல் கயிறு கட்டிய புத்தகக் கட்டு. மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். அந்த வழியில் இப்போது பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது சட்டைப்பையில் தெரிகிறது: சிவப்பு, நீலம், கறுப்பு, மூன்று பேனை.

“மிஸ், சேர் வந்திட்டாரா?”

“மீட்டிங்ல இருக்கிறார் ஐயா. இருங்கோ.”

இருக்க இடம் இல்லை. அலுமாரியில் சாய்ந்திருந்தவர்களில் ஒருவன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவருகிறான். ஆசிரியர் கட்டை மடியில் வைத்து உட்காருகிறார்.

படிவம் தருகிறார்கள். உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களை வாங்குவதற்கான விண்ணப்பம். ஆசிரியர் நீலப் பேனையைத் தெரிவு செய்கிறார். நூலாசிரியர் பெயர்: எழுதுகிறார். பதிப்பாளர் பெயர்: எழுதுகிறார். விநியோகஸ்தர் பெயர்: கொஞ்சம் யோசித்து, எழுதுகிறார். மூன்று கட்டத்திலும் ஒரே பெயர். மூன்றாவது முறை கையெழுத்து கொஞ்சம் சிறுத்திருக்கிறது.

அவருக்கு நேரே கண்ணாடி அலுமாரி. பூட்டியிருக்கிறது. திறப்பு லீவில் போனவரிடம். உள்ளே மாவட்டத்து நூல்கள். நா. பாலேஸ்வரியின் நாவல் ஒன்று. பக்கத்தில் வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’. மூதூர்க்காரர், 1925-இல் பிறந்து 2001-இல் மறைந்தவர். சொந்தமாக ஒரு தோணிக்கு ஏங்குகிற பையனின் கதை அது. கதை எழுதியவரும் ஆசிரியர். சம்பளம் கல்வித் திணைக்களம் கொடுத்தது, பாடம் நடத்தியதற்கு. ஈழத்துப் புனைகதையைப் பெருமளவுக்கு எழுதியது சோக்குத் தூள் படிந்த கைதான். அதற்கென்று நேரசூசியில் ஒரு பாடவேளை எங்கும் இருந்ததில்லை.

ஸ்டூலில் இருப்பவர் கண்ணாடிக்குள் இருக்கும் புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். கடைசி வரை போய், திரும்ப முதலிலிருந்து வருகிறார்.

*

பத்தரை. பியோன் அறிவித்தல் பலகையில் ஒரு சுற்றுநிருபம் குத்துகிறார். நாலு ஊசி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. கீழ்ப்பக்கம் காற்றில் அடிக்கிறது. ஆட்கள் கூடுகிறார்கள்.

அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு. எரிபொருள் மிச்சம் பிடிக்க, வீட்டுத் தோட்டம் செய்ய.

“தோட்டம் செய்யட்டாம்.”

“எங்கட வீட்டுக்காரர் ஒரு மிளகாய்க் கண்டு வைக்க விடமாட்டார்.”

“சட்டியில வையுங்கோ.”

“சட்டி என்ன விலை தெரியுமா?”

சிரிக்கிறார்கள். கலைகிறார்கள். ஒரு பெண் மட்டும் நின்று கடைசி வரை வாசிக்கிறாள். கைப்பையிலிருந்து பேனை எடுத்து, ‘ஊழியர்’ என்பதில் விட்டுப்போன ஓர் எழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறாள்.

*

குறுக்கே ஒரு பழைய படம்.

1935, ஜூலை 27. அமெரிக்காவில் மந்தம் ஆறாவது ஆண்டில் நடக்கிறது. வேலை தேடும் கூட்டத்தில் எழுத்தாளர்களும் நிற்கிறார்கள். ரூஸ்வெல்ட் அரசு அவர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்குகிறது. இயக்குநர் ஹென்றி ஆல்ஸ்பெர்க். சேருவதற்குப் பெரும்பாலானோர் முதலில் நிவாரணப் பட்டியலில் ஏற வேண்டும். எழுதத் தெரியும் என்பதற்கு முன்னால் இல்லாதவர் என்பதற்குச் சான்று. உச்சத்தில் 6,600 பேருக்கு மேல். வாரம் இருபது டொலரைச் சுற்றிச் சம்பளம்.

நாவல் எழுதச் சொல்லவில்லை. வழிகாட்டி நூல் எழுதச் சொன்னார்கள். மாநிலத்துக்கு ஒன்று. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எத்தனை மைல், வழியில் என்ன பாலம், என்ன கல்லறை. ஐடஹோ மாநிலத்து நூல் முதலில் வந்தது, 1937 ஜனவரியில். பெரும்பகுதியை எழுதியவர் வார்டிஸ் ஃபிஷர் என்ற ஒரே நாவலாசிரியர்.

ரிச்சர்ட் ரைட் அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தார். ரால்ஃப் எலிசன் இருந்தார். சோல் பெல்லோ இருந்தார். சோரா நீல் ஹர்ஸ்டன் ஃபுளோரிடாவில் இருந்தார். அதற்கு முன்பே நாவல்கள் வெளியிட்டவர். கறுப்பினப் பெண். பதவி கீழ்ப்படியில்.

வேறு சிலர் அடிமைகளாகப் பிறந்து உயிரோடு இருந்த கிழவர், கிழவிகளின் வீட்டுத் திண்ணைகளுக்குப் போனார்கள். பென்சில், தாள், கேள்விப் பட்டியல். என்ன சாப்பிட்டீர்கள், என்ன உடுத்தீர்கள், என்ன பாட்டுப் பாடினீர்கள். 2,300 பேருக்கு மேல் பேசினார்கள். 1941-இல் தட்டச்சுப் பிரதிகள் 17 தொகுதிகளாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அடுக்கப்பட்டன.

1938, டிசம்பர். ஒரு நாடாளுமன்ற விசாரணைக் குழு. நாடகக்காரர்களுக்கான கூட்டாளித் திட்டத்தின் இயக்குநர் ஹாலி ஃபிளானகன் சாட்சிக் கதிரையில். அவர் தம் கட்டுரையில் மார்லோ என்று ஒரு பெயரைக் குறிப்பிட்டிருந்தார். குழு உறுப்பினர் ஒருவர் கேட்கிறார், இந்த மார்லோ கம்யூனிஸ்ட்டா என்று. கிறிஸ்டோபர் மார்லோ 1593-இல் செத்துப்போனவர். கேள்வி பதிவேட்டில் ஏறியது.

1939-இல் மத்திய அரசு பணத்தை நிறுத்தியது. மாநிலங்கள் 1943 வரை இழுத்துக்கொண்டு போயின. பிறகு போர் எல்லாருக்கும் வேலை கொடுத்தது.

*

பன்னிரண்டேகால். சேர் மீட்டிங்கிலிருந்து வருகிறார். கையில் இன்னொரு மீட்டிங்கின் பைல். ஆசிரியர் எழும்புகிறார். கட்டு மடியிலிருந்து கைக்கு மாறுகிறது.

“ஐயா, இந்த வருஷம் கொள்வனவு நிற்பாட்டி வைச்சிருக்கு. திறைசேரி செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கு. படிவத்தைத் தந்திட்டுப் போங்கோ. நிலைமை சரிவரப் பார்ப்பம்.”

“சரி சேர்.”

ஆசிரியர் கட்டை அவிழ்க்கிறார். முடிச்சு இறுகியிருக்கிறது. பல்லால் கடிக்கப் போய், சூழ்நிலையைப் பார்த்து, நகத்தால் அவிழ்க்கிறார். ஒரு பிரதியை எடுத்து உள்ளட்டையில் எழுதுகிறார். இம்முறை கறுப்புப் பேனை. இரண்டு கையாலும் கொடுக்கிறார். மற்ற ஒன்பதையும் கட்டுகிறார். கயிறு இப்போது நீளமாக மிஞ்சுகிறது.

சேர் புத்தகத்தைக் கலாசாரப் பகுதி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். மொனிட்டருக்குப் பக்கத்தில். மொனிட்டர் கண்மட்டத்துக்கு இன்னும் ஓர் அங்குலம் தாழ்வு.

டீஓப் பெண் புத்தகத்தை எடுக்கிறாள். கைப்பைக்குள் வைக்கிறாள்.

*

இரண்டு மணி. வெளிவேலை. வீட்டுத் தோட்டக் கணக்கெடுப்பு. இளைஞன் ஒருவன் பொறுப்பு. நாடகமும் அரங்கியலும் படித்தவன். மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கிறது, தம்பி காவல். அதனால் நடை. துணைக்குக் கலாசாரப் பகுதிப் பெண்.

டொக்யாட் வீதியைக் கடக்கிறார்கள். கடற்படைத் தளப் பக்கம் அமைதி. மே 10-ஆம் திகதி இப்படி இல்லை. முந்தின நாள் பதவி விலகிய பிரதமர் குடும்பத்தோடு இந்தத் தளத்துக்குள் வந்திருக்கிறார் என்று சனம் வாசலில் திரண்டது. இப்போது ஒரு சிப்பாய் நிழல் தேடி இரண்டு அடி தள்ளி நிற்கிறான்.

கடற்கரை. மணலில் ஏழு படகுகள், மூக்கு கடலைப் பார்த்தபடி. எஞ்சின்கள் கழற்றி வீட்டுக்குள். ஒரு படகுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. கரைவலை ஓலைக் கொட்டிலுக்குள் மலைபோலச் சுருண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு சாரம் காய்கிறது.

கொட்டிலில் ஒரு கிழவர். வலையின் அறுந்த கண்ணை ஊசியால் பின்னுகிறார். இளைஞன் படிவத்தைக் கிளிப் பலகையில் செருகுகிறான்.

“ஐயா, வீட்டுக் காணி எவ்வளவு?”

“இந்தா தெரியுதே.”

“பயிர்?”

“மணல் தம்பி. என்னத்தை நட?”

இளைஞன் ‘பயிர்’ என்ற கட்டத்தில் சைபர் போடுகிறான். மரங்கள்: சைபர். கிணறு: பொது. உத்தேசித்துள்ள செய்கை. இந்தக் கட்டம் பெரியது, நாலு வரி இருக்கிறது. பேனை அதன் மேல் நிற்கிறது.

கிழவர் பின்னிக்கொண்டே இருக்கிறார். ஊசி உள்ளே போகும்போது மூச்சைப் பிடிக்கிறார். இழுக்கும்போது ஏதோ முனகுகிறார். ஒரே இடத்தில் ஏறுகிறது, ஒரே இடத்தில் இறங்குகிறது.

“அம்பாப் பாட்டா ஐயா?” பெண் கேட்கிறாள்.

கிழவர் நிமிர்கிறார். “உனக்கெப்படித் தெரியும் பிள்ளை?”

“கம்பஸ்ல படிச்சது.”

“படிச்சதா?” அவர் சிரிக்கிறார். மேல்வரிசையில் பல் இரண்டு. “இது படிக்கிறதில்லை. இழுக்கிறது.”

இளைஞன் கிளிப் பலகையை மணலில் வைக்கிறான். வலையில் தொங்கும் கயிற்று நுனியைப் பிடிக்கிறான். கிழவர் அவனைப் பார்க்கிறார், கயிற்றைப் பார்க்கிறார். ஊசியைக் காதில் செருகுகிறார்.

தொடங்குகிறார். குரல் முதலில் உடைகிறது. மூன்றாவது அடியில் நேராகிறது. ஓர் அடி அவர் சொல்ல, எதிரடியை ஆட்கள் இழுத்தபடி சொல்ல வேண்டும். ஆட்கள் இல்லை. இளைஞன் எடுக்கிறான். அரங்கத்துக் குரல், இரண்டு சுருதி கூடி நிற்கிறது. கிழவர் கையைத் தாழ்த்திக் காட்டுகிறார். இறக்குகிறான். இப்போது சேருகிறது. அடுத்த வீட்டு வேலியில் இரண்டு பிள்ளைகளின் தலை முளைக்கிறது.

பெண் கிளிப் பலகையை எடுக்கிறாள். படிவத்தின் நாலு வரியில் எழுதத் தொடங்குகிறாள். போதவில்லை. கழற்றித் திருப்புகிறாள். பின்பக்கம் வெள்ளை. முழங்காலில் வைத்து எழுதுகிறாள். பேனை மணற்துகளில் இடறுகிறது. ஒரு சொல் விளங்கவில்லை.

“நில்லுங்கோ ஐயா. அது என்ன சொல்?”

கிழவர் நிறுத்துகிறார். யோசிக்கிறார். தனியே சொன்னால் அந்தச் சொல் வரவில்லை. முந்தின அடியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறார். வந்ததும் விரலால் தொட்டுக் காட்டுகிறார், காற்றில். அவள் எழுதுகிறாள். சொல்லின் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறாள்.

கடைசி அடி முடிகிறது. கயிறு ஓர் அங்குலமும் நகரவில்லை.

“மண்ணெண்ணெய் எப்ப வருமாம்?” கிழவர் கேட்கிறார்.

இளைஞன் கையை விரிக்கிறான். கிழவர் காதிலிருந்து ஊசியை எடுக்கிறார்.

*

நாலு மணி. கந்தோரில் கரண்ட் இல்லை. மின்விசிறிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. போட்டோகொப்பி மெஷினின் மேல் யாரோ குடையை விரித்துக் காய வைத்திருக்கிறார்கள். மழை எங்கும் பெய்யவில்லை.

விரல் மெஷின் பேசவில்லை. பியோன் உள்ளேயிருந்து பழைய வரவுப் புத்தகத்தைத் தூசு தட்டிக் கொண்டுவருகிறார். ஒரே பேனை, நூலில் கட்டியிருக்கிறது. பதினான்கு பேரும் வரிசையில் நின்று தங்கள் பெயரைத் தாங்களே எழுதுகிறார்கள். நாடகம் படித்த இளைஞனின் கையெழுத்து மட்டும் அரைப் பக்கம் பிடிக்கிறது.

பெண் இன்னும் மேசையில். முன்னால் படிவம். முன்பக்கம்: சைபர், சைபர், பொது. ‘உத்தேசித்துள்ள செய்கை’யில் பாட்டின் முதல் நாலு அடி. பின்பக்கம் மீதி. மேல் மூலையில் இலக்கம் இருக்கிறது. கணக்கெடுப்புப் படிவங்கள் எண்ணித்தான் வந்தன. எண்ணித்தான் திரும்பிப் போக வேண்டும்.

கொப்பி எடுக்கக் கரண்ட் இல்லை. லாச்சியைத் திறக்கிறாள். வெள்ளைத் தாள் இல்லை. பழைய அழைப்பிதழ்கள் இருக்கின்றன, இலக்கிய விழா, 2019. அதிதிகள் பெயர் உட்பக்கம் நிறைய. வெளிப்பக்கம் வெறுமை. ஒன்றை எடுத்து, பாட்டைப் பார்த்து எழுதத் தொடங்குகிறாள்.

“தங்கச்சி, பூட்டப்போறன்.” பியோன் வாசலில். கையில் திறப்புக் கோர்வை.

“ரெண்டு நிமிஷம் அண்ணா.”

பியோன் ஜன்னல்களைச் சாத்துகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாக அறை இருட்டுகிறது. அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகிறாள். கேள்விக்குறி போட்ட சொல்லுக்கு வந்து நிற்கிறாள். உதடு அசைகிறது. முந்தின அடியிலிருந்து தொடங்குகிறாள். சத்தம் வெளியே வரவில்லை.

நாலாவது ஜன்னல்.

படிவத்தை மற்றப் படிவங்களோடு சேர்த்து விளிம்பு தட்டுகிறாள். பைலில் போடப் பஞ்ச் மெஷினை எடுக்கிறாள். ஒரு கணம் தாளைத் திருப்பிப் பார்க்கிறாள், துளை எங்கே விழும் என்று. கொஞ்சம் தள்ளுகிறாள். அதற்கு மேல் தள்ள விளிம்பில் இடம் இல்லை. அமத்துகிறாள்.

இரண்டு வட்டத் துண்டுகள் மேசையில் விழுகின்றன. ஒன்று வெள்ளை. மற்றதில் நீல மையில் ‘லோ’.

மின்விசிறி நிற்பதால் அது பறக்கவில்லை.